ஒரு குழாய், இரண்டு கார்

பிப்ரவரி 9, ஞாயிறு

நாயிடம் கேட்டேன்: "முர்ஜோ, கார் கண்ணாடியில என்ன போட்டிருக்கு, படி பார்ப்போம்." வாலை ஆட்டியது. படிப்பு விஷயத்தில் அதுவும் நானும் ஒரே வகுப்பு.

கண்ணாடி ஸ்டிக்கரில் மார்ச் மாதத்துக்கு நேரே ஓட்டை போட்டிருக்கிறது. மார்ச் முடிவதற்குள் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிரேக், விளக்கு, டயர் எதிலும் எனக்குப் பயம் இல்லை. புகைதான். என் காரைப் புகைப் பரிசோதனைக்கு நிறுத்துவது, கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிற குடிகாரனைப் போலீஸ்காரன் ஊதச் சொல்வது மாதிரி.

ஆனால் கவலை இல்லை. பழைய சிநேகிதன் லுபென், புகையை அடக்குகிற குழாயோடு வருவான்.

பிப்ரவரி 12

எலித்சா தலைநகர் சோபியாவிலிருந்து போன் பண்ணினாள். மகள் போன் பண்ணினால் முதலில் என் ரத்த அழுத்தத்தைக் கேட்பாள், அடுத்தது காரை. இரண்டுமே அதிகம்தான்.

"அம்மா, அந்தக் காரை இரும்புக்குப் போடு. இங்க வந்துடு."

"வந்துட்டு?"

"வந்துட்டு என்ன, இருக்கலாம்ல."

"சும்மா இருக்குறது எனக்கு இங்கயே நல்லா வருதுடி."

சிரிக்கவில்லை. என் சிரிப்பெல்லாம் அவள் குடியிருக்கிற எட்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும் போல. குளிர்காலத்தில் சோபியா நடுவில் என் மாதிரிக் காரை விடவும் மாட்டார்களாம், புகை அதிகமாம். ஆக, என்னைப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை, அவளைப் பார்க்க என் காருக்கு அனுமதி இல்லை. சரியாகப் போயிற்று.

கார் போனால் எனக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. போன இலையுதிர் காலத்தோடு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். டவுனில் மழலையர் பள்ளிச் சமையலறைக்கு நான் போவது இந்தக் காரில்தான். அங்கே நாற்பது வால்கள், "வேலிகா அத்தை, இன்னைக்கு என்ன சூப்பு?" என்று கத்தும். "உன் மூக்கு சூப்பு" என்பேன். ஒரு நாளில் நான் மனுஷர்களோடு பேசுவது அவ்வளவுதான். மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவி மலை ஏறினால் அதற்குப் பிறகு முர்ஜோதான். இந்த ஊரில் குளிர்காலத்தில் புகை வருவது நாலு வீட்டுப் புகைக்கூண்டில். அதில் இரண்டு வீட்டில் காது கேட்காது.

கார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் எட்டாவது மாடி. அங்கே பால்கனியில் நின்று எதிர் பால்கனியைப் பார்ப்பேன். எதிர் பால்கனியில் எவளோ ஒருத்தி நின்று என்னைப் பார்ப்பாள்.

பிப்ரவரி 13

நேற்று எலித்சா கேட்டது இன்னும் மண்டையில் ஓடுகிறது: "குழாயை ஏம்மா கடன் வாங்கணும்? எல்லாரும் மாதிரி சொந்தமா ஒண்ணு வச்சுக்க வேண்டியதுதானே?"

சொந்தமாக இருந்தது. என் வீட்டுக்காரர் வென்கோ, லுபென், இஸ்க்ரென், மூன்று பேரும் சேர்ந்துதான் ஜெர்மனிக்குப் போய் மூன்று கார் கொண்டுவந்தார்கள். ஒரே மாதிரி, ஒரே நிறம். வழி முழுக்க ஒன்றின் பின்னால் ஒன்றாக ஓட்டி வந்து, ஊருக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே நுழைந்தார்கள். யாரோ பெரிய ஆள் செத்துவிட்டான் என்று கிழவிகள் வெளியே வந்து சிலுவை போட்டார்கள்.

இந்தக் கார்களின் வயிற்றுக்கு அடியில், நடுவில் ரொட்டி மாதிரி உப்பிய ஒரு குழாய் இருக்கும். புகையைச் சுத்தம் பண்ணுவது அதுதான். உள்ளே இருக்கிற உலோகத்துக்கு விலை உண்டு என்று தெரிந்ததும் வென்கோவும் இஸ்க்ரெனும் தங்கள் குழாயைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார்கள். அந்த இடத்தில் வெறும் குழாய் மாட்டிக்கொண்டார்கள். லுபென் போடவில்லை. எதையும் தூக்கிப் போட மனசு வராத ஆள்.

அப்புறம் வந்தது கட்டாயப் புகைப் பரிசோதனை. மூன்று காருக்கு ஒரு நல்ல குழாய். பரிசோதனைக்கு முந்தின நாள் மாட்டுவது, முடிந்ததும் கழற்றுவது. காரிலேயே விட்டால் திருடன் ராத்திரியில் அறுத்துக்கொண்டு போய்விடுவான். கடைசியாகப் போட்டவர் வீட்டில் குழாய் தொங்கும். அடுத்து வேண்டியவருக்கு அவர் கொண்டுவந்து கொடுப்பார், இல்லையென்றால் இவர் போய் எடுத்து வருவார். மாட்டுகிற அன்றைக்குச் சாப்பாடு, ராக்கியா சாராயம், ஒருவர் மாட்ட இரண்டு பேர் திட்டுவது.

இஸ்க்ரென் காரோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டான். வென்கோ மேட்டுக் கல்லறைக்கு. இப்போது மார்ச் எனக்கு, செப்டம்பர் லுபெனுக்கு.

ஒரு குழாய், இரண்டு கார்.

பிப்ரவரி 22, சனி

இறந்தவர்கள் நாள். கோதுமை வேகவைத்து சர்க்கரை தூவிக் கல்லறைக்குக் கொண்டுபோனேன். வென்கோவுக்கு ஒயின் ஊற்றினேன், பாதி. மீதி எனக்கு. குளிர்.

"உங்க கார் இருமுது. நீங்க இருமினதுக்கு நான் சொன்னதைத்தான் அதுக்கும் சொல்றேன், டாக்டர்கிட்ட போங்கன்னு. அதுவும் கேக்க மாட்டேங்குது."

உயிரோடு இருக்கும்போதும் இந்தப் பேச்சுக்குப் பதில் சொன்னதில்லை.

திரும்பும்போது கரண்டுக் கம்பங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இறந்தவர் படம் போட்ட நோட்டீஸ், ஓர் ஆண்டு, மூன்று ஆண்டு, பத்து ஆண்டு. இந்த ஊரில் கம்பத்தில் இருக்கிற ஜனம்தான் அதிகம். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தேன். இப்போது அதையெல்லாம் யாரிடம் சொல்வது?

மார்ச் 1, சனி

மார்த்தெனித்சா கட்டுகிற நாள். நேற்றுக் குழந்தைகளுக்கு நாற்பது சிவப்பு வெள்ளைக் கயிறு முறுக்கிக் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் கையில் இரண்டு மிச்சம்.

ஒன்று முர்ஜோ கழுத்தில். ஒன்று காருக்குள் இருக்கும் கண்ணாடியில். "இந்த வருஷம் ஆரோக்கியமா இரு" என்று காருக்குத்தான் சொன்னேன்.

எனக்கு யாரும் கட்டவில்லை. அடுத்தவர்தான் கட்டிவிட வேண்டும், தானே கட்டிக்கொண்டால் என்ன இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

இன்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற ஞாயிறு. எலித்சாவிடம் கேட்டேன், முர்ஜோவிடம் கேட்டேன். பிறகு லுபெனுக்குப் போன்.

"மன்னிச்சிடு லுபென்."

"எதுக்கு?"

"இனிமே பண்ணப் போறதுக்கெல்லாம் சேத்து."

அவன் சிரித்தால் முதலில் மூக்கில் காற்று வரும். மூன்றாம் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் ஜடையை மைக்கூட்டில் முக்கிய நாளிலிருந்து அதே சிரிப்பு.

"குழாய் எப்ப வரும்?"

"கொண்டாறேன். இந்தப் பக்கம் பனி இன்னும் கரையலை."

"பனி உன் கண்ணுலயா, ரோட்டுலயா?"

"கொண்டாறேன்னு சொல்றேன்ல வேலிகா."

த்ரெனொவோ, அவன் ஊர், மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம். முகட்டு வழியாக நடந்தால் அரை நாள், ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் காரில் ஒரு மணி. இந்தப் பக்கம் ஒரு வாரமாகப் பனியே இல்லை.

போன செப்டம்பரில் அவன் குழாய் வாங்க வந்தது நினைவுக்கு வந்தது. தபால்காரன் ஜீப்பில் வந்து இறங்கினான். கார் மெக்கானிக் கடைப் பள்ளத்து மேலே நிற்கிறது, குழாய் போட்டால்தான் வெளியே வருமாம். வந்தவன் மூன்று தட்டுப் பீன்ஸ் சூப்பு சாப்பிட்டான், கேட்காமலே என் விறகைப் பிளந்து அடுக்கினான். சாயந்திரம் ஜீப் திரும்பியபோது குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். "பாரு, சண்டைக்குப் போற மாதிரியே இருக்க. ஜெயிச்சுட்டு வா" என்றேன். தபால்காரன் மித்கோ சிரித்துச் சிரித்து ஹாரனை அமுக்கினான்.

அந்த விறகு போன வாரம்தான் தீர்ந்தது.

மார்ச் 8, சனி

பெண்கள் தினம். சமையலறையில் எல்லாருக்கும் ஒரு பூ கொடுத்தார்கள் நேற்று. காரில் வைத்துக் கொண்டுவந்தேன். கீழே விழுந்து, நானே மிதித்துவிட்டேன்.

மார்ச் 14

லுபென் மறுபடி: "அடுத்த வாரம்."

என்ன அடுத்த வாரம்? ஒரு மாசமா அடுத்த வாரம்!

மார்ச் 18

குழாய் இல்லாமலே போய்ப் பார்ப்போம் என்று வேலை முடிந்ததும் பரிசோதனை நிலையத்துக்கே காரை விட்டேன். என் தைரியம் எனக்கே பிடிக்கும்.

அங்கே வாங்கெல்தான் பரிசோதகர். பெரிய தொப்பை. காருக்கு அடியில் நுழைய வேண்டிய வேலைக்கு அந்தத் தொப்பையை எப்படி எடுத்தார்களோ. வென்கோ காலத்திலிருந்தே பழக்கம்.

பின்னால் புகைக்குழாயில் கருவியின் மூக்கை நுழைத்தான். "மிதி அக்கா. இன்னும். அப்படியே பிடி." மிதித்தேன். கொட்டகை முழுக்க நீலமாகிவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவன் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.

வாங்கெல் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அக்கா, இந்தக் காரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் ஊதுது."

"வயசாயிடுச்சு வாங்கெல். அதுக்குன்னு இருக்குற ஒரே சந்தோஷம் அதுதான்."

"சிரிக்க வைக்காத. அந்தக் குழாய் எங்க?"

"எந்தக் குழாய்?"

மேலே காட்டினான். சுவரில் கேமரா. "முன்ன மாதிரி இல்லக்கா. எல்லாம் மேல போகுது. நான் கண்ணை மூடுனாலும் அது மூடாது. மாசக் கடைசிக்குள்ள சரிபண்ணிட்டு வா. அதுக்கப்புறம் ரோட்டுல புடிச்சா நம்பர் பிளேட்டைக் கழட்டிடுவாங்க."

"சரிபண்ணிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே ஓட்டினேன். திருப்பம் தாண்டினதும் ஓரமாக நிறுத்திவிட்டேன். ஏன் என்று எழுத வரவில்லை.

மார்ச் 20

லுபென் போன் எடுக்கவில்லை.

மார்ச் 21

எடுக்கவில்லை. மணியே அடிக்கவில்லை. "இந்த எண் தொடர்பில் இல்லை" என்று அந்தப் பெண் சொல்கிறாள். அவளையே எத்தனை தடவை கேட்பது?

குழாயை இரும்புக்குப் போட்டுவிட்டானா? போட்டிருந்தால் சொல்லிவிட வேண்டியதுதானே! வேற எவளாவது கார்க்காரி கிடைச்சுட்டாளா? அதையாவது சொல்லித் தொலைய வேண்டியதுதானே!

மார்ச் 22

ராத்திரி ஒரு நினைப்பு வந்தது. வந்த பிறகு தூங்கவில்லை.

த்ரெனொவோவிலும் கம்பங்கள் இருக்கின்றன.

மார்ச் 23, ஞாயிறு

போய் வந்தேன். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் வாய் தாங்காது. இன்று வாயைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

த்ரெனொவோவுக்குள் நுழைந்ததும் காரை மெதுவாக்கினேன். முதல் கம்பத்தில் ஒரு கிழவர், தெரியாதவர். இரண்டாவதில் அவர் பெண்டாட்டி. மூன்றாவதில் மீசை வைத்த ஒருவன், லுபென் மாதிரியே; இறங்கிக் கிட்டப் போய்ப் படித்தேன். லுபென் இல்லை. நாலாவது, ஐந்தாவது. இப்படியே கம்பம் கம்பமாக நின்று படித்துக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசல் கதவில் அவன் பெண்டாட்டியின் பழைய நோட்டீஸ் மட்டும்தான், மழையில் வெளுத்தது. அப்போதுதான் மூச்சு விட்டேன். பிறகு கோபம் வந்தது. செத்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"லுபென்!" என்றேன். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன்.

கார் இல்லை.

கார் நிற்கிற இடத்தில் பழைய எண்ணெய்க் கறை, அதன் நடுவிலேயே செந்தட்டிச் செடி முளைத்து இருக்கிறது. நேற்று முந்தாநாள் முளைத்தது இல்லை, காய்ந்து மறுபடி முளைத்தது. மூலையில் கோழி அடைகாக்கிறது. சுவரில் குழாய் தொங்கியது. ஒரு பழைய கோட்டைச் சுற்றி, கயிறு கட்டி. பிரித்துப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. கல்யாணத்துக்கு எடுத்து வைத்த மாதிரி.

வேலிக்கு அந்தப் பக்கம் கிழவி பரஷ்கேவா நின்றுகொண்டிருந்தாள். யார் வந்தாலும் வேலிக்கு வந்துவிடுவாள்.

"காரைத் தேடுறியா? அது ஏது? போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடியே இரும்புக்காரன் இழுத்துட்டுப் போயிட்டானே. அதோட அடிப்பாகமே துருப்புடிச்சு உக்காந்துடுச்சு."

"போன வருஷமா?"

"போன வருஷம்தான். மித்கோ ஜீப்பும் இப்ப இந்தப் பக்கம் வர்றதில்ல, தபாலை நிறுத்திட்டாங்க. ஒரு வாரம் முன்னாடி இந்தப் பைத்தியம் அந்தக் குழாயைத் தோள்ல போட்டுக்கிட்டு முகட்டு வழியா நடக்கப் பாத்துச்சு. மேட்டு ஊத்து வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுச்சு. முட்டி விடலையாம். அடுத்த நாளும் போச்சு. பனியில விழுந்து போனும் போச்சு. யாருக்குக் கொண்டு போறான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறான். உனக்கா?"

"எனக்கு இல்ல. என் காருக்கு" என்றேன்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி. செப்டம்பரில் அவனிடம் கார் இல்லை. பரிசோதனை இல்லை. எதுவும் இல்லை. குழாய் வாங்க வந்தான்.

கோழி என்னைப் பார்த்தது. நான் கோழியைப் பார்த்தேன்.

பத்து நிமிஷம் கழித்து லுபென் தேன்கூடு இருக்கும் பக்கமிருந்து இறங்கி வந்தான். ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு. என்னையும் காரையும் பார்த்ததும் நின்றுவிட்டான். கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். நான் அதற்குள் வாசலுக்கு வந்து, இப்போதுதான் இறங்கின மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"போன் கெட்டுப்போச்சு" என்றான்.

"உன் கார் எங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால்தான் சந்தேகப்படுவான்.

"மெக்கானிக்கிட்ட."

அப்போது என் நாக்கில் என்னவெல்லாம் வந்தது என்று வென்கோவுக்குத்தான் தெரியும். ஐம்பத்து நாலு வருஷப் பழக்கத்தில் இந்த மாதிரி ஒரு கிண்டல் என் கைக்குக் கிடைத்ததில்லை. 'அந்த மெக்கானிக் கோழி வளர்க்குறானா?' என்று ஒன்று. 'செந்தட்டி போட்டா ரிப்பேர் பண்றான்?' என்று ஒன்று. ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம், பத்து வருஷத்துக்கு வரும்.

வாயைத் திறந்தேன்.

"அவன் ரொம்ப மெதுவா வேலை செய்யற ஆளு" என்றேன். "எனக்கு மாட்டிவிடு."

அவன் ஒரு சாக்கை விரித்து என் காருக்கு அடியில் போய்ப் படுத்தான். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். "பத்து... பன்னெண்டு... அது இல்ல, பன்னெண்டு" என்று அடியிலிருந்து கை வரும். முட்டி வலித்தால் ஸ் என்று ஒரு சத்தம். போல்ட்டு இறுகுகிற சத்தம் நல்ல சத்தம்.

வெளியே வந்து, துணியில் கை துடைத்துக்கொண்டே சொன்னான்: "செப்டம்பர்ல நான் வந்து எடுத்துக்கறேன். எனக்குப் பரிசோதனை இருக்குல்ல."

"வந்துடு. மறக்காம வா."

"மறக்க மாட்டேன்."

திரும்பி வரும்போது அந்தக் கம்பங்களை ஒன்றும் படிக்கவில்லை.

மார்ச் 29, சனி

பாஸ்.

குளிர்ந்த எஞ்சினில் குழாய் வேலை செய்யாது, நன்றாகக் கொதிக்க வைத்துக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், பக்கத்தில் சத்தம் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று லுபென் சொல்லியிருந்தான். அதனால் காலையில் சுற்றிக்கொண்டு த்ரெனொவோ போய் அவனை ஏற்றிக்கொண்டேன். சத்தம் எனக்கே கேட்கத் தெரியும். சொல்லவில்லை.

கழுத்துப் பட்டி கட்டியிருந்தான்! புகைப் பரிசோதனைக்கு!

"யாருக்குக் கல்யாணம்?"

"சட்டை பட்டன் போச்சு. அதை மறைக்க."

டவுன் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறி இரண்டாவது கியரில் மேட்டை ஏற்றினேன். கார் ஊளையிட்டது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். லுபென் முன் பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கத்தினான்: "மூணுக்குப் போகாத! ரெண்டுலயே இரு! மிதி!"

"அதுக்கு மேல மிதிச்சா என் கால் ரோட்டுல வந்துடும்!"

"வரட்டும், மிதி!"

எத்தனையோ நாள் கழித்துக் காரில் உட்கார்ந்தவன் மாதிரி ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டான். பட்டி காற்றில் பறந்து அவன் முகத்திலேயே அடித்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நிலையத்துக்குள் போனோம். எஞ்சினை அணைக்கவே இல்லை, வரிசையிலும் ஓடவிட்டே வைத்திருந்தோம்.

வாங்கெல் கருவியை நுழைத்தான். மிதித்தேன். பிடித்தேன். திரையில் எண்கள் இறங்கின, இறங்கின, நின்றன. பச்சை.

"அக்கா, உன் காரு சாமியாராயிடுச்சு!" என்றான் வாங்கெல். பிறகு லுபெனைப் பார்த்தான். "அட லுபென்! என்ன, போன செப்டம்பர்ல உன் காரைக் காணோமே? அதுக்கு முன்னெல்லாம் தவறாம வருவியே?"

லுபென் கை கழுத்துப் பட்டிக்குப் போனது. முகம் எப்படிச் சிவந்தது என்று எழுத மாட்டேன்.

நான் முந்திக்கொண்டேன். "அவன் இப்பல்லாம் உன்கிட்ட வரமாட்டான் வாங்கெல். பக்கத்து டவுன் ஸ்டேஷனுக்குப் போறான். அங்க பரிசோதனை பண்றது பொம்பள. உன் தொப்பையை எத்தனை வருஷம்தான் பாக்குறது?"

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். வாங்கெலும் சிரித்தான். கண்ணாடியில் புது ஸ்டிக்கரை ஒட்டினான்.

லுபென் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான், ரொம்ப நேரம். நான் ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனை வீட்டில் இறக்கிவிட்டபோது காருக்குள் தொங்கின மார்த்தெனித்சாவை அவிழ்த்தான். அவன் ஊர்ப் புகைக்கூண்டு மேல் நாரை வந்துவிட்டதாம், வழக்கப்படி இனிமேல் மரத்தில் கட்டலாமாம். மரத்தில் கட்டவில்லை. என் மணிக்கட்டில் கட்டினான். "தப்பான இடம்" என்றேன். "தெரியும்" என்றான்.

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

எலித்சா வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். முட்டைக்குச் சாயம் போட்டிருந்தேன், ஆறு. நானே ஒன்றோடு ஒன்றை மோதினேன், உடையாத முட்டைக்குத்தான் ஜெயம். இடது கை ஜெயித்தது.

குழாயைக் கழற்றி மாட்டிவைக்க வேண்டும். இன்னும் கழற்றவில்லை.

ஜூன் 27

பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் செப்டம்பரில்தான். "அத்தை, லீவுல நீ என்ன பண்ணுவ?" என்று ஒரு வால் கேட்டது. "உன்னைத் திட்டாம இருப்பேன், கஷ்டம்தான்" என்றேன்.

ஜூலை 19

மூன்று நாளாக மனுஷக் குரல் கேட்கவில்லை. காரில் உட்கார்ந்து ரேடியோ போட்டேன்.

ஆகஸ்ட் 11

லுபெனுக்குப் புது போன் வந்திருக்கிறது. போன் பண்ணினான். வெயிலைப் பற்றிப் பேசினோம். தேனைப் பற்றிப் பேசினோம். முட்டிக்கு டவுனில் ஊசி போட்டார்களாம், இப்போது முகடு வரை நடக்கிறானாம். பேச்சு தீர்ந்த பிறகும் யாரும் வைக்கவில்லை. அவன் பக்கம் கோழி கத்தியது. "மெக்கானிக் என்ன சொல்றான்?" என்று கேட்டேன். "பாத்துக்கிட்டு இருக்கான்" என்றான்.

எலித்சா கேட்கிறாள்: குளிர்காலத்துக்காவது வாயேம்மா. ஸ்டிக்கர் மார்ச் வரை இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 6, சனி

காருக்கு அடியில் படுத்தேன். சாக்கு போட்டு, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் வைத்துக்கொண்டு. எல்லா போல்ட்டையும் தளர்த்திப் பார்த்து, கிரீஸ் போட்டு, மறுபடி லேசாக முறுக்கி வைத்தேன். இப்போது கையாலேயே கழலும். வந்தால் அவன் முட்டிக்குக் கஷ்டம் வேண்டாம்.

வருவானா?

செப்டம்பர் 14, ஞாயிறு

சிலுவைத் திருநாள். விரத நாள், அதனால் பீன்ஸ் சூப்பில் கறி இல்லை, மிளகாய் அதிகம்.

மத்தியானம் முர்ஜோ குரைத்தது. லுபென் முகட்டு வழியாக நடந்து வந்திருந்தான். கையில் கம்பு, முதுகில் பை, பையில் தேன். நெற்றியெல்லாம் வேர்வை. வாசலிலேயே நின்றான்.

"குழாய் வாங்க வந்தேன்."

"கார் எப்படி இருக்கு?"

"ஓடுது."

"பரிசோதனைக்கா?"

"பரிசோதனைக்கு."

உட்கார வைத்தேன், சூப்பு ஊற்றினேன். மூன்று தட்டு. நாற்பது வாலும் திரும்பி வந்துவிட்டதைச் சொன்னேன், அதில் ஒன்று என் மாதிரியே பேசுவதைச் சொன்னேன். மூக்கில் காற்று வந்தது. வெளியே போய் விறகைப் பார்த்தான். "ஒண்ணும் பொளக்கலையே" என்றான். "உன்னை மாதிரி பொளக்க எனக்கு வராது" என்றேன். அது பொய், எனக்கு நன்றாக வரும்.

சாப்பாடு முடிந்து சாக்கை எடுத்தான். நான் கார் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொன்னேன்:

"லுபென், போல்ட்டெல்லாம் துருப்புடிச்சுப் போச்சு. ஒரே நாள்ல கழலாதுன்னு நினைக்கறேன்."

அடியில் போய்ப் படுத்தான். அவன் கால் இரண்டும் வெளியே தெரிந்தது. முர்ஜோ போய் ஷூவை மோந்தது. முதல் போல்ட்டு திரும்பின சத்தம் கேட்டேன், ஸ்பானர் கூட இல்லை, விரலாலேயே. வெண்ணெயில் போகிற மாதிரி ஒரு சுற்று வந்தது. நின்றது.

அப்புறம் மெதுவாக அது திரும்பி இறுகின சத்தமும் கேட்டது.

"ஆமா வேலிகா" என்றான் அடியிலிருந்து. "ரொம்பத் துரு. ரெண்டு மூணு நாள் ஆகும்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன்" என்றேன்.

நாளைக்குக் கறி போடலாம். பெரிய பாத்திரத்தில் பீன்ஸ் ஊறப் போட்டிருக்கிறேன்.